ஒரு பாட்டில், ஐந்து டம்ளர்

தருமபுரி மாவட்டத்தின் மதுக்கடைகளில் கோடைக்காலத்தில் வந்து நிற்பவர் எவரும் என்னென்ன பீர் இருக்கிறது என்று கேட்பதில்லை. ‘கூலிங் இருக்கா?’ என்பதே கேள்வி. இருக்கிறது என்றால் பெயரைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். இல்லை என்றால் பெயரைப் பார்க்காமலே வண்டியைத் திருப்புவார். வெயில் நாற்பது பாகையை எட்டிப் பார்க்கும் சித்திரை, வைகாசி நாட்களில் அந்தக் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ருசியை விசாரிக்கப் புறப்பட்டவர்களுக்கு அதுவே முதல் தடை. அளவுக்கு மீறிக் குளிர்ந்த பானம் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது, மணமும் மேலெழும்புவதில்லை. உறைநிலைக்கு அருகில் எல்லாப் பீரும் ஒரே பீர்தான். சற்றே வெயில் பட்டு, குளிர் தணிந்து, கசப்பும் தானிய வாசனையும் எட்டிப்பார்க்கத் தொடங்கும் தருணத்தில் நம்மவர் பாட்டிலைக் காலி செய்து கீழே வைத்திருப்பார். (அந்தக் கடையை இன்றும் ‘ஒயின் ஷாப்’ என்றே அழைப்பவர்கள் உண்டு. அங்கே ஒயின் கேட்டு யாரும் வந்ததாக எங்களுக்கு நினைவில்லை.)

நாங்கள் ஐந்து பேர். தருமபுரியில் ஒன்றாகப் படித்துவிட்டு ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போனவர்கள். ஒருவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ஒருவர் வங்கியில். ஒருவர் மத்தியப் படையொன்றில் இருபது ஆண்டுகள் மலைகளிலும் பாலைவனத்திலும் காவல் நின்றவர். ஒருவர் எங்கும் போகாமல் காரிமங்கலம் பக்கம் அப்பாவின் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டவர். ஐந்தாமவன் லாரி வைத்திருந்தான். வயது ஏற ஏற எங்கள் நால்வருக்கும் எழுத்திலாவது மரியாதைப் பன்மை பழகிவிட்டது. அவனுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. ஆகவே இங்கே அவன், அவன்தான். இதை எழுதும் கை நால்வரில் ஒருவருடையது. எழுதியதை மற்ற மூவரும் படித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டுக் கோடையில்தான் அது தொடங்கியது. யோசனை அவனுடையது. சுமை ஏற்றிக்கொண்டு பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் போய்வந்தவன், ஊருக்கு ஊர் சோறு மாறுவதுபோலப் பீரும் மாறுகிறது என்று கண்டு வந்து சொன்னான். ஸ்டியரிங்கைத் தொடும் நாளில் அவன் ஒரு சொட்டும் தொட்டதில்லை. இறக்கி முடித்து, வண்டி நின்றபிறகுதான் எதுவும். அவன் வகுத்த விதிகள் மூன்று. ஒரு பாட்டில், ஐந்து டம்ளர். ஒரு கோடையில் ஒரு பெயர் இரண்டாம் முறை வரக்கூடாது. பீரைத் தவிர ‘ஹாட்’ எதுவும் தோப்புக்குள் நுழையக்கூடாது. 650 மில்லி பாட்டிலை ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 130 மில்லி. இரண்டு மடக்கில் தீர்ந்துபோகிற அளவு. தீர்ந்துபோகும் என்பதாலேயே நிதானமாகக் குடிக்க வேண்டியிருந்தது. வாயில் வைத்து, கொஞ்சம் யோசித்து, என்ன தோன்றுகிறது என்று ஐவரும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்துக்கொள்வார். டம்ளர்கள் எவர்சில்வர், அவன் வீட்டிலிருந்து வந்தவை. அவன் மனைவியின் கல்யாணச் சீரில் வந்த செட் அது. ஒவ்வொன்றின் விளிம்புக்குக் கீழும் அந்தம்மாளின் அப்பா பெயரும் தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும்.

தோப்பில் குளிர்பெட்டி கிடையாது. கோணிச் சாக்கில் பாட்டில்களைப் போட்டுக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவோம். மாலையில் மேலே இழுக்கும்போது அவை கடையின் ‘கூலிங்’ அளவுக்குச் சில்லென்று இராது. கிணற்றின் தன்மையோடு இருக்கும். ருசி பார்க்க அதுவே சரியான பதம் என்று பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டோம். முதல் ஆண்டில் ஐம்பது அடிக் கயிறு போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டோம். 2013இல் கயிறு முழுவதையும் விட்டும் சாக்கு பாறையில் தட்டும் ஓசைதான் கேட்டது. அந்த ஆண்டு மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கினோம்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். எந்த ஊரின் பீர் புகழ்பெற்றது என்று பார்த்தால், கடைசியில் அந்த ஊரின் தண்ணீரில் போய் முடிகிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணறுகளில் ஜிப்சம் கலந்த கடினநீர். அங்கே கசப்பு எடுப்பாக நிற்கும் பீர் பிறந்தது. செக் நாட்டின் பில்சனில் மென்மையான நீர். அங்கே 1842இல் பிறந்த வெளிர்பொன் நிறப் பீரின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று உலகம் முழுவதும் பச்சை பாட்டிலிலும் பழுப்புப் பாட்டிலிலும் விற்பவை. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரின் புகழ் வேறு. அதில் ஃபுளோரைடு மிகுதி. பென்னாகரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பலரின் பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கும். அவனுக்கும் இருந்தன. வாய்விட்டுச் சிரிப்பவன், புகைப்படம் என்றால் மட்டும் உதட்டை மூடிக்கொள்வான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தபோது, ‘இனிமே பொறக்கறதுங்களாவது போட்டோவுல சிரிக்கும்டா’ என்றான்.

ஆசிரியரின் நோட்டிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்தெழுதலாம். கிங்ஃபிஷருக்கு நேரே ‘தண்ணீரின் படித்த தம்பி’ என்றிருக்கிறது. கோல்டன் ஈகிளுக்கு ‘வைக்கோல் போர் நனைந்த வாசனை; குறையாகச் சொல்லவில்லை’. கல்யாணி பிளாக் லேபிள் வந்த அன்று பெயரைப் பற்றியே ஒரு மணி நேரம் போனது. கல்யாணி என்பது ராகமா, முதலாளியின் மகளா என்று வங்கிக்காரர் கேட்க, அது மேற்கு வங்காளத்தில் பீர் ஆலை உள்ள ஓர் ஊர் என்று லாரிக்காரன் சொன்னான். அந்த வழியாகப் போயிருக்கிறான். ஆசிரியர் ஏமாற்றமடைந்தார். ஸ்ட்ராங் வகைகள் சிலவற்றின் பெயரோடு ஐயாயிரம், பத்தாயிரம் என்று எண்கள் ஒட்டியிருப்பது ஏன் என்பதற்கு எங்களுக்கு விடை கிடைக்கவில்லை. அதைக் குடித்தவன் அத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுவான் என்று அவன் விளக்கம் சொன்னான். ஸ்ட்ராங்குகளின் பக்கத்தில் நோட்டு பெரும்பாலும் வெற்றிடம். இனிப்பும் சாராய நெடியும் முன்னால் வந்து நின்றுகொண்டு மற்ற எதையும் பார்க்க விடுவதில்லை. ஆனால் இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி அதுதான். காசுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கணக்குப் பார்க்கும் நாட்டில் ருசிக்கு இடமேது என்று வங்கிக்காரர் சொல்வார். கணக்கு அவர் தொழில்.

கிளிசரின் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. பாட்டிலைத் திறந்து, வாயைக் கட்டைவிரலால் அடைத்து, தண்ணீர் நிறைந்த குவளைக்குள் தலைகீழாகப் பிடித்தால் ஏதோ ஒன்று நூல் நூலாகக் கீழிறங்கும். அதுதான் கம்பெனிக்காரன் கலந்த கிளிசரின், அதை வெளியேற்றிவிட்டுக் குடித்தால் தலைவலி வராது என்பது பார்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் வேதம். புளிக்காமல் எஞ்சிய சர்க்கரையினால் பீர் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. கனமானது கீழே இறங்கும், அவ்வளவுதான். இதை வங்கிக்காரர் சர்க்கரைத் தண்ணீரை வைத்தே செய்துகாட்டினார். பக்கத்துத் தோப்புக்காரர் நம்பவில்லை. ‘சர்க்கரையிலயும் கலக்கறான் சார்’ என்றார்.

பீர் அருந்துவதைப் பற்றி இத்தனை விஸ்தாரமாக எழுதுவதற்கு இந்த மண்ணில் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு வரலாறும் இருக்கிறது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்துக்குள் அடக்கம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்கு அருகில். திருச்செங்கோட்டு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை 1929இல் தொடங்கியவர் அவர். கல்கி அதில் உதவியாளராக இருந்து கதைகளும் எழுதினார் என்பது இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடியை நிறுத்துவதற்காகக் கொண்டுவந்த வரி அது. வரி தங்கிவிட்டது, குடியும் திரும்பி வந்துவிட்டது. 1971இல் தளர்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் இறுகி, 1981இல் மறுபடி திறந்து, 1983இல் டாஸ்மாக் என்ற மொத்த விற்பனை நிறுவனம் உருவாகி, 1987இல் கள் தடைசெய்யப்பட்டு, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. 2023-24இல் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் நாற்பத்தைந்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அத்தனைக்குப் பிறகும் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் பெயர் அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். எங்கள் தாத்தாக்கள் பனங்கள்ளும் ஈச்சங்கள்ளும் குடித்தவர்கள். அப்பாக்கள் ஒளிந்து குடித்தவர்கள், அல்லது காந்தியின் பெயரால் குடிக்காமலே இருந்தவர்கள். உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

யாரும் இருக்கவில்லை என்பதும் முழு உண்மையில்லை. தகடூரை ஆண்ட அதியமான் இருந்தான். அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைச் சிலை வைத்துக் கொண்டாடுகிறோம். கள் கொடுத்ததற்குச் சிலை கிடையாது. அவன் இறந்தபின் ஔவை பாடியதாகப் புறநானூற்றில் உள்ள கையறுநிலைப் பாட்டு ஒன்று (எண் 235) கள்ளிலிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் அதை அவளுக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவளைப் பாடவிட்டு, தானும் உடனிருந்து மகிழ்வானாம். வீரத்தை விட்டுவிட்டு, கொடையின் பெருங்கணக்கையும் விட்டுவிட்டு, பங்கு பிரித்த விதத்தை முதலில் நினைத்துக்கொள்கிறாள். ஆசிரியர் எங்கள் இரண்டாவது கோடையில் இதைச் சொன்னபோது அவன் டம்ளரை நீட்டி, ‘அப்ப அதியமானும் நம்ம ரூல்ஸ்தான்’ என்றான்.

2011 மே மாதம் ஐவரும் ஓசூர் வழியாகப் போகும் ரயிலில் பெங்களூர் போனோம். அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் மைக்ரோ ப்ரூவரிகள் அந்நகரில் முளைக்கத் தொடங்கியிருந்த சமயம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் செம்புக் கொப்பரைகள். ஒரு பலகையில் ஆறு சிறிய கிளாஸ்களை வரிசையாக வைத்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் தோப்பு முறையையே விலைபோட்டு விற்கிறார்கள் என்று வங்கிக்காரர் முணுமுணுத்தார். கோதுமைப் பீரில் வாழைப்பழ வாசனை அடித்தது. பழமெதுவும் போடவில்லை, அது ஈஸ்ட் செய்கிற வேலை என்றார் பரிமாறிய இளைஞர். பெல்ஜிய முறை வெள்ளைப் பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள் என்றும் சொன்னார். தோப்புக்காரர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ‘இது ரசம்டா, கடுகு மட்டும் தாளிக்கல’ என்றார். அதற்கப்புறம் எங்களால் அதை வேறெப்படியும் நினைக்க முடியவில்லை. இந்தியா பேல் ஏல் என்ற ஒன்றும் வந்தது. வெள்ளைக்காரர்கள் தம் நாட்டில் காய்ச்சி, கப்பலேற்றி, இங்கிருந்த தம்மவர்களுக்காக அனுப்பிய பீரின் வழிவந்தது. இந்தியாவின் பெயரைத் தாங்கியது, இந்தியர்களான எங்கள் நாக்குக்கு வந்து சேர இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. பாகற்காய்ப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதன் கசப்பு ஒன்றும் பெரிதில்லை. ஆசிரியர் மட்டும் பாதியை அவன் கிளாஸில் ஊற்றினார். அன்றைய பில் எங்கள் மூன்று கோடைகளின் செலவுக்குச் சமம்.

இலங்கை லயன் ஸ்டவுட்டை வங்கிக்காரர் கொழும்பு போய்வந்தபோது விமான நிலைய அனுமதிக்குட்பட்டு இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். நுவரெலியா மலையில் தொடங்கிய ஆலையின் பீர். கறுப்பு, நுரை மட்டும் காபிப் பொடி நிறம். அன்று யாரும் உடனே பேசவில்லை. கருப்பட்டி, கருகிய வறுகடலை, கடைசியில் கொஞ்சம் கசப்புக் காபி. ‘இது கோடைக்கு இல்ல. ஐப்பசி மழைக்கு’ என்றான் அவன். நோட்டில் அது அப்படியே இருக்கிறது. இரண்டாவது பாட்டிலை ஐப்பசிக்கு வைப்பதென்று முடிவாயிற்று.

அந்த ஐப்பசியில் நாங்கள் கூடவில்லை. டீசல் விலை, தவணை பாக்கி, விற்றுப்போன ஒரு லாரி, ஓடாமல் நின்ற இன்னொன்று. கோடையில் மட்டும் வந்துபோகும் எங்களுக்கு அவன் கோடையில் எப்படி இருந்தான் என்பதே தெரியும். மற்ற பத்து மாதங்களில் அவன் மாலைதோறும் தனியாகக் குவார்ட்டர் வாங்கிக்கொண்டு நின்ற லாரியின் கேபினில் போய் உட்கார்ந்ததைப் பிறகு அவன் தம்பி சொன்னான். தண்ணீர் ஊற்றுவதும் நின்றுவிட்டிருந்தது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைந்து, 2014 மாசியில் போய்விட்டான். நாற்பத்து மூன்று வயது.

அந்தச் சித்திரையில் நால்வரும் தோப்பில் கூடினோம். கூடலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஸ்டவுட் பாட்டில் அப்படியே இருந்தது. பழக்கத்தில் ஐந்து டம்ளர் எடுத்து வைத்துவிட்டார் படைவீரர். ஊற்றவும் செய்தார். தகடூர் நாட்டில் நடுகற்களுக்குக் குறைவில்லை. நடுகல்லின் முன் சிறிய கலத்தில் கள்ளை ஊற்றிப் படைக்கும் வழக்கமும் அதியமானைப் பற்றிய ஔவையின் வேறொரு பாட்டில் வருகிறது. ஆசிரியர் ஐந்தாவது டம்ளரை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார். ‘யோவ் வாத்தியாரே, பீரை மண்ணுல ஊத்துனா அவன் எந்திரிச்சு வந்து அடிப்பான்’ என்றார் தோப்புக்காரர். திரும்பி வந்து நால்வருமாகப் பிரித்துக் குடித்தோம். 

ஒரு மாதம் கழித்து அவன் மனைவி தோப்புக்காரருக்குப் போன் செய்தார். ‘அந்த அஞ்சு டம்ளரையும் குடுத்துடுங்கண்ணா. எங்கப்பா பேரு போட்டது.’ வேறு ஒன்றும் சொல்லவில்லை. புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றி, நாங்கள் நால்வருமே கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார்; காபி கொடுத்தார். மகள் பத்தாம் வகுப்பு என்றார்.

2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலை ஓரக் கடைகள் மூடப்பட்டு ஊர்களுக்குள் இடம்தேடி நகர்ந்தபோது, தமிழகம் எங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வடக்கே பெங்களூர், தெற்கே சேலம் என்று நெடுஞ்சாலையையே முதுகெலும்பாகக் கொண்ட எங்கள் பக்கத்திலும் அது நடந்தது. அப்படி ஒரு கூட்டம் நின்ற சாலையில் எங்கள் கார் கால்மணி நேரம் நின்றது. வெயில் உச்சியில். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் இருந்தார். எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அவர் வலப்பக்கம் இருந்த கிழவிக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். மதுவிலக்கைப் பற்றி எங்கள் நால்வருக்கும் நான்கு கருத்துகள். சட்டம் போட்டு முடியாது என்பார் வங்கிக்காரர். 1937இலிருந்து கணக்குச் சொல்வார். கள்ளைத் திறந்துவிட்டால் போதும் என்பார் தோப்புக்காரர். அவருக்குத் தென்னை இருக்கிறது. அன்று காரில் யாரும் தம் கருத்தைச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு எதிரே வைத்துப் பேசக்கூடிய ருசி எதுவும் எங்கள் நோட்டில் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறோம். நோட்டைத் தூக்கிப்போடவும் இல்லை.

வயல்களில் பாட்டில் சில்லு குத்திக் கால் கிழிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருந்திருப்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற ஏற்பாடு 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவியபோது, குடிப்பவர்களுக்காக அல்ல, இவர்கள் காலுக்காகவே மகிழ்ந்தோம்.

2019 வைகாசியில் அவன் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலை வீட்டுக்குப் போனோம். பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து மகளே தட்டில் நீர்மோர் கொண்டுவந்தாள். விளிம்புக்குக் கீழே புள்ளி எழுத்தில் தாத்தா பெயர். அவளுக்கு அந்த டம்ளர்களின் கதை தெரியுமா என்று எங்களுக்குத் தெரியாது. கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோர். சூடான கடப்பைக்கல் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். பெண்ணுக்கு அப்பனின் சிரிப்பு. பல் மட்டும் வெள்ளை.

இன்னொரு பீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை நாங்கள் குடித்தவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் நால்வரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விடை அது. படைவீரர் சிக்கிமில் இரண்டாண்டு பணியில் இருந்தவர். ‘துங்பா’ என்ற ஒன்றைப் பற்றி எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். 2023 மே மாதம், ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும்போது, எங்களை அங்கே அழைத்துப்போனார். காங்டோக்குக்கு மேலே, மூடுபனியில், சிறிய உணவுக்கடை. லிம்பு மக்களின் பானம் அது. உயரமான மூங்கில் குவளை நிறைய ஈரமான செம்பழுப்புத் தானியம். கெட்டிலிலிருந்து கொதிக்கும் வெந்நீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கடைக்கார அம்மாள் போய்விட்டார். நுனியில் கீறல் உள்ள மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். வெதுவெதுப்பு, மெல்லிய புளிப்பு, பின்னால் பால்போன்ற ஓர் இனிப்பு. ‘கூலிங் இருக்கா’ என்ற கேள்வியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்த பீர். தோப்புக்காரர் குழலை எடுத்துவிட்டு இரண்டு விரலால் தானியத்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். மென்றார். 

‘டேய், இது நம்ம கேவுருடா.’

கேழ்வரகுதான். தருமபுரியின் களியும் கூழும் எதனால் ஆனவையோ அதே தானியம். எங்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளுக்கு மால்ட் மாவு அரைக்க அதை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளைகட்டவைத்துக் காயப்போடுவார்கள். பார்லியை அப்படிச் செய்தால் அதுதான் பீருக்கான மால்ட். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி முளையில் பிறக்கிறது; கேழ்வரகு முளையில் அது தாராளம். பீருக்கு முந்தைய படிவரை எங்கள் பாட்டிகள் வந்து நின்றிருக்கிறார்கள். சங்க காலத்தவர் அந்தப் படியையும் தாண்டியவர்கள். அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, சாடியில் நாட்கணக்கில் புளிக்கவைத்து, விரலால் அலைத்து வடிக்கிற முறை பெரும்பாணாற்றுப்படையில் படிப்படியாக வருகிறது. இன்றைய பீர் ஆலைக்காரர் எவரும் படித்துத் தலையாட்டக்கூடிய செய்முறை. கேழ்வரகோ ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்தது. அது பிறந்த பக்கத்தில், உகாண்டாவின் தேசோ மக்கள், அதிலிருந்து ‘அஜோன்’ என்ற பீரை இன்றும் காய்ச்சுகிறார்கள். நடுவில் ஒரு பானை, சுற்றிலும் ஆட்கள், ஆளுக்கொரு நீண்ட குழல். இதைப் படைவீரர் தன் செல்போனில் படமாகக் காட்டினார். நால்வரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தோம். ‘அவன் இருந்திருந்தா இதுக்கு ஒரு லாரி வாங்கியிருப்பான்’ என்றார் வங்கிக்காரர்.

அம்மாள் நான்கைந்து முறை வெந்நீர் ஊற்றினார். ருசி மெல்ல மெல்ல வெளிறி, கடைசியில் வெறும் வெந்நீராக வந்தது. தோப்புக்காரர் அனுமதி கேட்டு ஒரு பிடி சக்கையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ரயிலில் இரண்டரை நாள். பெட்டி முழுக்கப் புளித்த வாசனை. காரிமங்கலத்தில் அவருடைய அம்மாவிடம் பிரித்துக் காட்டினார். எண்பது வயதைத் தாண்டிய அந்தம்மாள் முகர்ந்து பார்த்தார், விரலால் கிளறினார்.

‘கேவுரு புளிச்சுப் போச்சு. இதப் போயி அவ்வளவு தூரத்துல இருந்தா தூக்கிட்டு வந்த? மாட்டுக்குப் போடு.’

போட்டார். மாடு தின்றது.